10-க்கு 10 ரூம்ல ஸ்பீக்கரா, ஹெட்ஃபோனா?

வணக்கம் நண்பர்களே. பாட்டு கேக்க ஹெட்ஃபோன் வாங்கலாமா, ஸ்பீக்கர் வாங்கலாமா? இந்தக் கேள்வி வந்தா எல்லாரும் கம்பெனி பேர்ல இருந்து ஆரம்பிக்கிறாங்க. நான் உங்க வீட்டு ரூம்ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஏன்னா ஸ்பீக்கர் வாங்கினீங்கன்னா உங்க காதுக்கு வர்றதுல பாதி ஸ்பீக்கர், மீதி பாதி ரூம். ஹெட்ஃபோன்ல ரூமே கிடையாது. மொத்த விஷயமும் இதுலதான் அடங்கியிருக்கு.

ரூம் நடுவுல நின்னு பலமா ஒரு தடவை கை தட்டிப் பாருங்க. சத்தம் டக்குனு நின்னுடுச்சா, இல்ல பின்னாடியே 'ட்ரிர்ர்'னு ஒரு இழுவை வருதா? நம்ம ஊர் வீடுகள்ல பெரும்பாலும் அந்த இழுவை வரும். சிமெண்ட் பூசின சுவர், டைல்ஸ் தரை, மேல காங்கிரீட். எதுவுமே சத்தத்தை உறிஞ்சாது, அப்படியே திருப்பி அடிக்கும். அந்த ரூம்ல எவ்வளவு நல்ல ஸ்பீக்கர் வச்சாலும் பாடற குரல் தெளிவா கேக்காது, வார்த்தையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும்.

ஆனா எனக்குப் பெரிய கவலை அது இல்ல. பாஸ்தான், அதாவது 'தும் தும்'னு அடிக்கிற கீழ் ஸ்தாயிச் சத்தம்.

வாடகை வீட்டுல நம்ம பெட்ரூம் பெரும்பாலும் 10-க்கு 10. உயரமும் கிட்டத்தட்ட 10 அடி. ஒலி ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 10 அடின்னா 3 மீட்டருக்குக் கொஞ்சம் மேல. இந்த இடைவெளியில ரெண்டு சுவருக்கும் நடுவுல சரியா பொருந்தி நிக்கிற சத்தம் ஒண்ணு இருக்கு, கணக்குப் போட்டா சுமார் 56 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டார்ல ஏ கம்பியை விரல் வைக்காம அடிச்சா 55 ஹெர்ட்ஸ். அப்ப பாட்டுல அந்த ஸ்வரம் வர்றப்பல்லாம் ரூமும் கூடச் சேர்ந்து முழங்கும், பக்கத்து ஸ்வரத்துக்கு சும்மா இருக்கும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவா இருந்தா மூணு பக்கமும் அதே ஸ்வரத்துலதான் முழங்கும். ஒலிக்கு இதைவிட மோசமான ரூம் கிடையாது, நம்மில் நிறைய பேர் இருக்கறதும் இதே மாதிரி ரூம்லதான்.

இன்னொண்ணு பாருங்க. அந்த ஸ்வரம் சுவர் ஓரத்துல பயங்கரமா கேக்கும், ரூமுக்கு நட்ட நடுவுல கிட்டத்தட்ட காணாமலே போயிடும். கட்டில்ல சுவர்ல சாஞ்சு உக்காந்து கேக்கறவர், "சப்வூஃபர் ரொம்ப அடிக்குது"ன்னு சொல்வார் (பாஸுக்குன்னே தனியா வர்ற பெட்டிதான் சப்வூஃபர்). அதே ரூம்ல நடுவுல சேர் போட்டு உக்காந்தவர் "பாஸே இல்லையே"ம்பார். ரெண்டு பேரும் சொல்றது உண்மைதான். அதனால ஸ்பீக்கர் வச்சிருக்கறவங்க புதுசா எதுவும் வாங்கறதுக்கு முன்னாடி, உக்கார்ற இடத்தை மாத்திப் பாருங்க. 10 அடி ரூம்ல பின்சுவர்ல இருந்து 4 அடி தள்ளி உக்காந்தா கேக்கறதே மாறும். ஸ்பீக்கரை மூலைக்குள்ள தள்ளாதீங்க, மூலையில பாஸ் இன்னும் பெருகும். ஷோகேஸ் உள்ளயோ, லாஃப்ட் மேலயோ ஏத்தாதீங்க. ட்வீட்டர், அதாவது மேல் ஸ்தாயிச் சத்தம் வர்ற சின்ன வட்டம், உங்க காது உயரத்துக்கு வரணும். ரெண்டு ஸ்பீக்கரும் நீங்களும் சம பக்க முக்கோணமா இருக்கணும். இதுக்கெல்லாம் ஒரு பைசா செலவு இல்ல.

எதிரொலி குறையும்னு சிலர் சுவர்ல முட்டை ட்ரே ஒட்டறதைப் பத்தியும் சொல்லிடறேன். தயவுசெஞ்சு ஒட்டாதீங்க. அது மேல் ஸ்தாயிச் சத்தத்தைக் கொஞ்சம் சிதறடிக்கும், பாஸை ஒண்ணுமே செய்யாது, தீப்பிடிச்சா ஆபத்து வேற. மெத்தை, கனமான திரை, தரையில ஜமுக்காளம், புத்தகம் நிறைஞ்ச திறந்த அலமாரி, இதெல்லாம் அதைவிட நல்லா வேலை செய்யும்.

இப்ப ஹெட்ஃபோனுக்கு வரேன். ரூம் தொல்லை மொத்தமும் போச்சு. கொடுக்கற காசுக்கு இவ்வளவு விவரம் ஸ்பீக்கர்ல கிடைக்கவே கிடைக்காது. 5,000 ரூபாய்க்குள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினா பாஸ் தர்ற வூஃபர் சின்னதாதான் வரும், அடிமட்ட பாஸ் அதால தர முடியாது. அதே காசுக்கு நல்ல வயர் ஹெட்ஃபோன் அந்த பாஸை சுலபமா தரும், ஏன்னா அது நிரப்ப வேண்டியது காதுக்கும் அதுக்கும் நடுவுல இருக்கற கொஞ்சம் காத்துதான். ஆனா காதைச் சுத்தி நல்லா மூடியிருக்கணும். கண்ணாடி போடறவங்க கவனிங்க: கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கிடுச்சுன்னா அந்த இடுக்கு வழியா பாஸ் ஓடிடும். இயர்பட்ஸ்லயும் அதேதான், பெட்டியில வர்ற மூணு சைஸ் ரப்பரையும் போட்டுப் பார்த்து எது சேருதோ அதை வச்சுக்குங்க.

கர்நாடக சங்கீதம் கேக்கறவங்களுக்கு ஹெட்ஃபோன் பெரிய கொடை. தம்பூராவோட ரீங்காரம் இருக்கே, அந்த மெல்லிசான மேல் ஸ்வரங்கள், அது ஃபேன் ஓடற ரூம்ல ஸ்பீக்கர்ல பாதி அமுங்கிடும். ஹெட்ஃபோன்ல அது கச்சேரி முழுக்கப் பின்னால நிக்கும். கமகத்துல, அதாவது ஸ்வரத்தை அசைச்சுப் பாடறப்போ, குரல் எங்க தொட்டுட்டு வருதுன்னு துல்லியமா தெரியும். வீடு அமைதியா இருந்தா ஓப்பன் பேக் வாங்குங்க, அதாவது பின்பக்கம் ஜல்லடை மாதிரி திறந்திருக்கும். 1968-லயே சென்ஹைசர் கம்பெனி எச்டி 414னு இந்த மாதிரி ஒண்ணைக் கொண்டுவந்துட்டாங்க. காது அடைச்ச உணர்வு இருக்காது. ஆனா உள்ள ஓடற பாட்டு பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேக்கும், பஸ்ல போட முடியாது.

அப்ப ஹெட்ஃபோனே போதுமா? எனக்குப் போதல. ஏன்னு சொல்றேன்.

ஸ்பீக்கர்ல இடது பக்கச் சத்தம் உங்க வலது காதுக்கும் போகுது. நொடியில ஆயிரத்துல ஒரு பங்குக்கும் குறைவான நேரம் தாமதமா, தலை மறைச்சதுல கொஞ்சம் மங்கலா போகுது. மூளை அதை வச்சுதான் 'பாடறவர் எனக்கு முன்னாடி நிக்கிறார்'னு முடிவு பண்ணுது. 1931-ல இங்கிலாந்துல ஆலன் ப்ளூம்லைன், இடது வலதுன்னு ரெண்டு தனிச் சத்தம் தர்ற ஸ்டீரியோவுக்கு காப்புரிமை கேட்டு எழுதினப்போ அவர் மனசுல இருந்ததும் முன்னாடி இருக்கற ஸ்பீக்கர்தான். ஸ்டீரியோ ஹெட்ஃபோன் கடைக்கு வந்தது 1958-ல, அமெரிக்காவுல ஜான் காஸ் மூலமா. கையில எடுத்துட்டுப் போற கேசட் பிளேயர் வாக்மேன் வந்தது 1979-ல. அதுவரைக்கும் பெரும்பாலான பாட்டு ஸ்பீக்கரை மனசுல வச்சு மிக்ஸ் ஆனது. ஹெட்ஃபோன்ல அந்தக் கலப்பு நடக்காது, இடது காதுக்கு இடது மட்டும். அதனால பாடறவர் முன்னாடி இல்லாம உங்க மண்டைக்குள்ள உக்காந்திருப்பார். அறுபதுகள்ல வந்த சில ஆங்கிலப் பாட்டுல குரல் முழுக்க ஒரே பக்கம் இருக்கும், ஹெட்ஃபோன்ல கொஞ்ச நேரத்துல தலையே கனக்கும். உங்க பிளேயர்ல கிராஸ்ஃபீட்னு, ஒரு பக்கச் சத்தத்தைக் கொஞ்சம் மறுபக்கமும் கலந்து விடற வசதி இருந்தா போட்டுப் பாருங்க, ஓரளவு சரியாகும்.

நம்ம அறுபதுகளோட தமிழ்ப் பாட்டு வேற மாதிரி. அதெல்லாம் மோனோ. ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம், மொத்த ஆர்கெஸ்ட்ராவும் நெத்திக்கு நடுவுல ஒரு புள்ளியில நெருக்கியடிச்சு நிக்கும். அந்தப் பாட்டுக்கு நல்ல ஸ்பீக்கர் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு போதும். ரூம்ல எதிர வச்சுக் கேளுங்க. குரலுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சமையல் பண்ற அம்மாவும் கூடவே கேட்டுப்பாங்க, ஹெட்ஃபோனால அது முடியவே முடியாது.

காதைப் பத்தி ஒண்ணு கண்டிப்பா சொல்லணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு: 80 டெசிபெல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் வரைக்கும் கேக்கலாம். 90 டெசிபெல்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். பஸ் இரைச்சலுக்கு மேல கேக்கணும்னு வால்யூம் ஏத்தினா நீங்க ரெண்டாவது கணக்குக்குத்தான் போறீங்க. பயணத்துக்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன் வாங்கச் சொல்றேன்னா அது சொகுசுக்காக இல்ல. இன்ஜின் மாதிரி தொடர்ந்து வர்ற இரைச்சலை அது குறைச்சுடும், நீங்க வால்யூமை ஏத்தவே தேவையிருக்காது. ஹார்ன் சத்தத்துக்கு அவ்வளவா உதவாது.

என் முடிவு இதுதான். வாடகை ரூம், சதுரமா இருக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்குதுன்னா யோசிக்காம ஹெட்ஃபோன். பாஸ் காங்கிரீட் சுவரையும் தாண்டிப் போகும், பக்கத்து வீட்டுக்காரங்களோட உறவு பாட்டைவிட முக்கியம். நீளமான ஹால் இருக்கு, ஸ்பீக்கரை சுவர்ல இருந்து தள்ளி வைக்க இடம் இருக்கு, 25,000 ரூபாய் வரைக்கும் செலவு பண்ண முடியும்னா புக்‌ஷெல்ஃப்னு சொல்ற சின்ன ஸ்பீக்கர் ஒரு ஜோடி. சப்வூஃபரை இப்போதைக்கு விட்டுடுங்க.

கடைக்குப் போறவங்க உங்களுக்கு மனப்பாடமா தெரிஞ்ச பாட்டைக் கொண்டு போங்க. ரெண்டு ஸ்பீக்கரை ஒப்பிட்டா ரெண்டையும் ஒரே சத்தத்துல வைக்கச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா ஓடறதுதான் யாருக்குமே நல்லதா தெரியும், விக்கறவங்களுக்கும் அது தெரியும். அப்புறம் வால்யூமைக் குறைக்கச் சொல்லி, பேசற அளவுக்கு மெதுவா ஒரு தடவை கேளுங்க. அந்தச் சத்தத்துலயும் பாடற வார்த்தை புரியுதுன்னா காசைக் கொடுக்கலாம்.