கண்ணின் குறி தப்பாமல் இருப்பது எப்படி?

[காட்சி: திருநெல்வேலி, வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையம். காலை. பாபநாசம் பஸ் ஒன்று உள்ளே திரும்புகிறது.]

பெரியவர்: தம்பி, இது வீரவநல்லூர்ல நிக்குமா?
கண்டக்டர்: நிக்கும் அண்ணாச்சி, ஏறுங்க.

குரல்: கேட்பதற்கு முன்பே அண்ணாச்சி பலகையைப் படித்துவிட்டார். உறுதி செய்துகொள்ளத்தான் கேட்டார். அவர் படித்த அந்த இரண்டு நொடியை இப்போது மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

[காட்சி: பெரியவரின் கண்கள் மட்டும், மெதுவாக. கீழே பலகையின் எழுத்துகள். பார்வை நிற்கும் இடத்தில் ஒரு வட்டம்.]

குரல்: சேரன்மகாதேவி மேல் கண் நிற்கிறது. சட்டென்று ஒரு தாவல், வீரவநல்லூர். அங்கே கொஞ்சம் நின்று, அடுத்த தாவலில் கல்லிடைக்குறிச்சி. வட்டம் எங்கேயும் வழுக்கிக்கொண்டு போகவில்லை, கவனித்தீர்களா? நிற்கிறது, தாவுகிறது, மறுபடி நிற்கிறது.

இந்தத் தாவலுக்கு ஆய்வாளர்கள் சக்காட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடத்தில்தான் பார்வை கூர்மையாக இருக்கிறது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால் நகம் எவ்வளவு தெரியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் மங்கல். அதனால் எதைப் பார்க்க வேண்டுமோ அதன் மேல் அந்தச் சின்ன இடத்தைக் கொண்டுபோய் வைத்தாக வேண்டும். விழித்திருக்கும்போது நொடிக்கு இரண்டு மூன்று முறை கண் இதைச் செய்கிறது. ஒரு நாளைக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் தாண்டிவிடும்.

இதில் என்னை ஆச்சரியப்படுத்துவது வேகம் இல்லை, குறி. பெரிய தாவல்களில் கண் நொடிக்கு 500 டிகிரிக்கு மேல் சுழல்கிறது. 10 டிகிரி தாவல் ஒன்று 50 மில்லிநொடி அளவில் முடிந்துவிடும். கண்ணில் விழுந்த காட்சி மூளைக்குப் போய், அங்கிருந்து கட்டளை திரும்பக் கண் தசைக்கு வர அதைவிட அதிக நேரம் ஆகும். ஆகவே பார்த்துப் பார்த்து வழியில் திருத்த முடியாது. மாங்காய்க்குக் கல் எறிகிற மாதிரிதான். கை விட்ட பிறகு கல்லை ஒன்றும் செய்ய முடியாது, அடுத்த கல்லைத்தான் சரியாக எறியலாம்.

சரி, குறி ஏன் தப்ப வேண்டும்? கண்ணை அசைக்கும் தசைகள் களைக்கும், வயதாக ஆகத் தளரும். புதுக் கண்ணாடி போட்டாலும் கணக்கு மாறும். பிளஸ் பவர் கண்ணாடி காட்சியைப் பெரிதாக்குவதால், அதே இரண்டு எழுத்துகளுக்கு நடுவே கண் திரும்ப வேண்டிய தூரம் கூடிவிடுகிறது. நேற்றைய கட்டளையை இன்று அப்படியே அனுப்பினால் கண் வேறு இடத்தில் போய் நிற்கும். ஆனாலும் நமக்கு வாசிப்பு தடுமாறுவதில்லை. யாரோ உள்ளே கட்டளையைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

[காட்சி: இருட்டு அறை. திரையில் ஒரு ஒளிப்புள்ளி. வலப்பக்கம் 10 டிகிரி தள்ளி இன்னொன்று எரிகிறது.]

குரல்: இந்தத் திருத்தத்தை முதலில் பிடித்துக் காட்டியது மெக்லாக்லின் என்ற ஆய்வாளர் 1967-இல் செய்த சோதனை. ரொம்ப எளிமையான தந்திரம். புள்ளி வலப்பக்கம் தோன்றுகிறது. கண் அதை நோக்கிக் கிளம்புகிறது. கிளம்பிய அந்தக் கணத்தில் புள்ளியைக் கொஞ்சம் உள்பக்கம் நகர்த்திவிடுகிறார்கள். கண் பழைய இடத்தில் போய் இறங்குகிறது, புள்ளியோ அங்கே இல்லை.

பார்ப்பவருக்கு இது தெரியாதா? பெரும்பாலும் தெரியாது. தாவும்போது காட்சியை மூளை அடக்கி வைக்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். கண்ணாடி முன் நின்று உங்கள் இடக் கண்ணைப் பாருங்கள், அப்புறம் வலக் கண்ணை. உங்கள் கண் நகர்வது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்தில் நிற்கும் தங்கச்சிக்கு நன்றாகத் தெரியும்.

சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தால் தாவல் தானாகக் குறுகுகிறது. மனிதர்களுக்குச் சில பத்துத் தாவல்களிலேயே மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், குரங்குகளுக்குப் பல நூறு வேண்டும். இன்னொன்று: குறுக்கக் கற்பது சீக்கிரம் நடக்கும், நீட்டக் கற்பது மெதுவாகத்தான் நடக்கும். வலப்பக்கத் தாவலைத் திருத்தினால் இடப்பக்கம் பழையபடியே இருக்கும். இது எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது. ஒரு தசை தளர்ந்தால் அந்தத் திசைதானே கெடும்? திருத்தமும் அங்கே மட்டும் நடந்தால் போதும்.

குறி தப்பினால் கண் உடனே ஒரு சின்னத் தாவல் போட்டு இலக்கைப் பிடித்துவிடும். மூளை அதைப் பார்த்துத்தான் கற்கிறதோ என்று தோன்றலாம். 1998-இல் வால்மனும் ஃபக்ஸும் குரங்குகளிடம் அந்த இரண்டாவது தாவல் நடக்காதபடி செய்து பார்த்தார்கள். அப்போதும் கற்றல் நடந்தது. ஆக, இறங்கியவுடன் இலக்கு எங்கே தெரிகிறது என்ற பிழைக் காட்சியே பாடம்.

[காட்சி: மூளையின் வரைபடம். பின்பக்கம், கழுத்துக்குச் சற்று மேலே, சிறுமூளை ஒளிர்கிறது.]

குரல்: பாடம் படிக்கும் இடம் சிறுமூளை. அதற்கு வலுவான சான்று லான்ஸ் ஆப்டிகனும் டேவிட் ராபின்சனும் 1980-இல் வெளியிட்ட ஆய்வு. குரங்கின் ஒரு கண்ணில் தசைகளைத் தளர்த்திவிட்டு, நல்ல கண்ணை மூடிவைத்தார்கள். தளர்ந்த கண் முதலில் குறி தவறியது, சில நாளில் தேறிவிட்டது. சிறுமூளையை நீக்கிய பிறகு அந்தத் தேறுதல் நடக்கவே இல்லை.

உள்ளே வேலை செய்யும் செல்லை அருகில் போய்ப் பார்க்கலாம்.

[காட்சி: புர்கின்ஜே செல். விசிறி போல் விரிந்த கிளைகள்.]

குரல்: இது புர்கின்ஜே செல். இதன் கிளைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மெல்லிய நார்கள் வந்து தொடுகின்றன. ‘இந்தத் திசையில், இவ்வளவு தூரம் தாவப் போகிறோம்’ என்ற செய்தியெல்லாம் அந்த நார்கள் வழியாக வருகிறது. இவை போக, மூளைத்தண்டிலிருந்து ஒரே ஒரு நார் தனியாக ஏறி வந்து இந்தச் செல்லைச் சுற்றிக்கொள்கிறது. ஏறு நார் என்று அதைச் சொல்லலாம். நொடிக்கு ஒரு முறை அளவில்தான் அது பேசும். பேசினால் செல் முழுவதும் அதிரும். கண் குறி தவறி இறங்கும்போது, பிழை எந்தப் பக்கம் என்ற செய்தி அந்த நாரில் வருகிறது.

ஏறு நார் அதிரும் நேரத்தில் எந்த மெல்லிய நார்கள் வேலையில் இருந்தனவோ, அவற்றின் தொடர்பு கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. சிறுமூளை இப்படித்தான் கற்கும் என்று 1969-இல் டேவிட் மார் ஒரு கோட்பாடு எழுதினார், ஆனால் தொடர்பு வலுப்படும் என்றார். 1971-இல் ஜேம்ஸ் ஆல்பஸ், இல்லை, தளரும் என்றார். ஜப்பானில் மசாவோ இட்டோவின் குழு 1982-இல் தளர்வதை நேரடியாகக் காட்டியது. தளர்ந்த தொடர்புகளால் அடுத்த தாவலில் அந்தச் செல் வேறு விதமாகத் துடிக்கும். அது கண் தசைக்குப் போகும் கட்டளையை நூலளவு மாற்றும். ஒரு முறைக்கு நூலளவுதான். நாளெல்லாம் தாவிக்கொண்டே இருப்பதால் அதுவே போதுமானதாக இருக்கிறது.

[காட்சி: பரிசோதனை அறை. மருத்துவர் ஒரு பேனாவையும் தன் மூக்கையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்கிறார்.]

குரல்: நரம்பு மருத்துவர்கள் இந்தத் திறமையைச் சில நொடியில் சோதித்துவிடுவார்கள். பேனாவைப் பாருங்கள், என் மூக்கைப் பாருங்கள் என்பார்கள். நல்ல கண்கூடப் பல நேரம் சற்றுக் குறைவாகத் தாவி, மிச்சத்தை ஒரு குட்டித் தாவலில் முடிக்கும். அது சாதாரணம். ஒவ்வொரு முறையும் இலக்கைத் தாண்டிப் போய் இழுத்துத் திரும்பினால், எத்தனை முறை பார்த்தாலும் அது திருந்தாவிட்டால், சிறுமூளையைச் சந்தேகிப்பார்கள்.

வீட்டில் பெரியவர்கள் யாராவது திடீரென்று ‘எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது’ என்று சொல்லி, கூடவே நடை தள்ளாடினால், கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நாள் கடத்தாதீர்கள். மூளையின் பின்பகுதிக்குப் போகும் ரத்தம் தடைப்பட்டாலும் இப்படி ஆகும். 108-ஐ அழையுங்கள், அந்த மணி நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.