அப்பாயி இறங்கின கரையப் பாத்துட்டு வந்தேன்

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரி கொளப்பள்ளியிலருந்து பேசறேன். தகரத்து மேல மழை அடிக்குது, சத்தத்தக் கொஞ்சம் பொறுத்துக்கங்க.

நேத்து ராத்திரிதான் ராமேஸ்வரம், தனுஷ்கோடி போயிட்டு வந்து சேந்தேன். கோயில் வீடியோ தனியா வரும். இது எங்க லயத்து, அதான் தோட்டத்து வரிசை வீட்டு, ஆளுங்க கதை. இங்க பாதி வீட்டுக்கு மேல சிலோன்லருந்து வந்தவங்கதான்.

எங்க தாத்தாவோட அப்பா துறையூர்ப் பக்கத்துலருந்து, தோட்டத்துக்கு ஆள் சேக்குற கங்காணி பின்னால சிலோன் போனவர். மண்டபம் கேம்ப்ல தங்க வெச்சு, காய்ச்சல் கீய்ச்சல் இருக்கான்னு பாத்துத்தான் அனுப்புவாங்க. தோட்டத்து நம்பர் அடிச்ச தகர வில்லைதான் டிக்கெட்டு. 1914-ல பாம்பன் பாலம் திறந்ததுலருந்து தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கருந்து கப்பல்ல இலங்கைக் கரையில இருக்கிற தலைமன்னார்.

அப்புறம் 1948-ல அங்க தோட்டத்துல இருந்த நம்ம சனங்களுக்குக் குடியுரிமை இல்லன்னுட்டாங்க. 1964 அக்டோபர் 30-ந் தேதி ரெண்டு நாட்டுப் பிரதமருங்க போட்ட சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்குன்னு பிரிச்சாங்க. போறியா இருக்கியான்னு அந்த சனங்கள யாரும் கேக்கல. இத நெனச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது.

அதே வருசம் டிசம்பர் 22 ராத்திரி புயல். தனுஷ்கோடியே போச்சு. ஒப்பந்தம் போட்டு ரெண்டு மாசம் ஆகல! முன்னாடி கப்பல் ஏறிப்போன துறைமுகம், திரும்பி வரும்போது இல்ல. அதனாலதான் எங்க அப்பாயி ராமேஸ்வரத்துல வந்து இறங்குனாங்க. 1974, அப்ப வயசு பத்தொம்பது. வந்த கப்பல் ராமானுஜம்.

தனுஷ்கோடியில அந்த இடிஞ்ச சர்ச்சு சுவத்துல கைய வெச்சுப் பாத்தேன். பவளக்கல்லு. பக்கத்துல போனா பூவேலை மாதிரி சின்னச் சின்ன ஓட்டை, ஒவ்வொண்ணுலயும் மணல். அரிச்சல்முனையில நின்னா தலைமன்னார் சுமார் முப்பது கிலோமீட்டர்தான். இங்கருந்து கூடலூர் போறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசமில்ல.

இதோ, இது அப்பாயி கொண்டாந்த ட்ரங்குப் பெட்டி. வெள்ளை பெயிண்ட்டுல பேரு எழுதியிருந்துச்சு, இப்ப 'ஹட்டன்'ங்கற அவங்க இலங்கை ஊர்ப் பேரு மட்டும் மிச்சம். கொக்கி வளைஞ்சிருக்கு பாருங்க, கரையில இறங்குன கூட்டத்துல சாவி தொலைஞ்சு தாத்தா கல்லால தட்டித் திறந்தது. உள்ள ரெண்டு சேலை, ஒரு அம்மிக்குழவி. அம்மி அங்கயே நின்னுபோச்சு, குழவிய மட்டும் தூக்கிட்டு வந்திருக்காங்க.

வந்தவங்களுக்கு வேலை குடுக்கத்தான் 1968-ல அரசாங்கம் இந்த மலையில தேயிலை போட ஆரம்பிச்சது. அதுதான் 1976-ல டான்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆச்சு. காடு வெட்டி, அட்டைக்கடியில செடி நட்டு, அப்புறம் முப்பது வருசம் கொழுந்து பறிச்சாங்க அப்பாயி.

வீடியோவப் போட்டுக் காட்டினேன். கோயிலத் தள்ளிவிடச் சொல்லிட்டாங்க. கடல் வந்ததும், "நிறுத்து"ன்னாங்க. அவங்க அக்காவுக்கு அங்க குடியுரிமை கிடைச்சு ஹட்டன்லயே இருக்காங்க. அவங்களுக்கு இதக் காட்டணுமாம். வீடியோ கால் போடச் சொல்லிப் பக்கத்துலயே நிக்கிறாங்க.

போனக் குடுத்துட்டு வரேன். அடுத்த வீடியோ மண்டபம் கேம்ப்.