பவர் பிளே கோல் மட்டமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2025 ஏப்ரல் 6ஆம் தேதி, நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில், வாஷிங்டன் கேப்பிடல்ஸ் ஐஸ் ஹாக்கி வீரர் அலெக்ஸ் ஒவெச்கின் தன் 895ஆவது கோலை அடித்தார். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்லில் வேய்ன் கிரெட்ஸ்கி வைத்திருந்த 894 கோல் சாதனை அன்று முறிந்தது. அந்தக் கோல் பவர் பிளேயில் வந்தது. இதைச் சொன்னால் ஐஸ் ஹாக்கி ரசிகர்களில் சிலர் உதட்டைப் பிதுக்குவார்கள்.

கிரிக்கெட் பவர் பிளே வேறு, இது வேறு. ஐஸ் ஹாக்கியில் சின்னத் தவறு செய்த வீரர் இரண்டு நிமிடம் பெனால்டி பாக்ஸில் போய் உட்கார வேண்டும். அதுவரை கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பார்த்தால் நாலு பேருக்கு எதிராக ஐந்து பேர். ஆளும் கூடுதல், இடமும் கூடுதல். அப்படி அடித்த கோலைச் சரிக்குச் சரி ஆளோடு அடித்த கோலுக்கு இணையாக வைப்பதா என்பதுதான் கேள்வி.

கழித்துத்தான் பார்ப்போமே. கிரெட்ஸ்கியின் 894இல் பவர் பிளே கோல்கள் 204. மீதி 690. அதிலும் 73 கோல்கள் தன் அணியில் ஆள் குறைந்திருந்தபோது அடித்தவை, அது தனிச் சாதனை. ஒவெச்கினின் 895இலோ 320க்கும் மேல் பவர் பிளேயில் வந்தவை. அவற்றை எடுத்துவிட்டால் மீதி 600ஐத் தொடாது. இந்த இடைவெளியை மூடி மறைக்கக் கூடாது. ஆனால் கிரெட்ஸ்கி உச்சத்தில் இருந்த எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக ஏறக்குறைய 8 கோல் அடித்தன. ஒவெச்கின் காலத்தில் அது பெரும்பாலும் 6ஐ ஒட்டியே நின்றது. பவர் பிளேயைக் கழிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?

அப்புறம், சுலபம் என்கிறார்களே, அந்தக் கோல் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒவெச்கின் வலதுகை ஆட்டக்காரர். பவர் பிளே வந்தால் கோலுக்கு இடப்பக்கம் இருக்கும் வட்டத்தில் போய் நிற்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து பல வருடங்கள் சக வீரர் நிக்லாஸ் பேக்ஸ்ட்ராம் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, தள்ளிவிட்டார். ஒவெச்கின் அதை நிறுத்தி நிதானிப்பதில்லை; ஸ்டிக் ஏற்கெனவே ஓங்கியிருக்கும், வந்த வேகத்திலேயே அறைவார். அவர் எங்கே நிற்பார், என்ன செய்வார் என்று கோல்கீப்பருக்குத் தெரியும், எதிரணிப் பயிற்சியாளருக்கும் தெரியும். ஓர் ஆளை அவர் பக்கத்திலேயே ஒட்டவிட்டும் பார்த்தார்கள். இருபது வருடமாகத் தடுக்க முடியவில்லை. தெரிந்த அடியைத் தடுக்க முடியாமல் செய்வதை நான் சுலபம் என்று சொல்லமாட்டேன்.

பவர் பிளே திறமையைப் பார்த்து என்எச்எல் விதியையே மாற்றியது. முன்பெல்லாம் கோல் விழுந்தாலும் தவறு செய்தவர் இரண்டு நிமிடமும் உள்ளேயே இருக்க வேண்டும். 1955 நவம்பரில் மான்ட்ரியால் கனடியன்ஸ் அணியின் ஜான் பெலிவோ, பாஸ்டனுக்கு எதிராக ஒரே பவர் பிளேயில் 44 விநாடிகளுக்குள் மூன்று கோல் போட்டார். 1956-57 பருவத்திலிருந்து ஒரு கோல் விழுந்ததும் தவறு செய்த வீரர் வெளியே வந்துவிடலாம் என்றார்கள்.

எனக்கு மனத்தாங்கல் டேவ் ஆண்ட்ரேசக் விஷயத்தில்தான். ஒவெச்கின் முந்தும்வரை பவர் பிளே கோலில் முதலிடம் அவருக்கே: 274. மொத்தம் 640 கோல். அவர் தூரத்திலிருந்து அடிப்பவர் அல்ல. கோலுக்கு நேர் முன்னால் நின்று, தடுப்பாட்டக்காரர்களின் இடியையெல்லாம் முதுகில் வாங்கிக்கொண்டு, தெறித்து வரும் பக்கை உள்ளே தட்டிவிடுவார். 2006இல் ஓய்வு பெற்றவரை, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் 2017இல்தான் சேர்த்தார்கள். பவர் பிளே ஆட்டக்காரர்தானே என்ற இளப்பம் அந்தத் தாமதத்தில் இருந்தது என்றே நினைக்கிறேன். தகுதி பெற்ற 2009இலேயே சேர்த்திருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.