தலைக்கட்டுக் கணக்கில் வராதவர்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

குமரி மாவட்டத்தில் ஒருவருக்குப் பிறரோடு கூடிப் பழக இடமில்லை என்று சொன்னால், கேட்பவர் சிரித்துவிடுவார். கோயில் கொடை, ஊர்ப் பொதுக்கூட்டம், சபை ஐக்கியம், அன்பியம் என்னும் கத்தோலிக்கக் குடும்பங்களின் கூட்டம், வாசகசாலை, மகளிர் குழு, கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு, கல்யாணத்திற்கு முந்தின இரவு ஊரே சேர்ந்து உட்காரும் காய்கறி வெட்டு என்று ஆண்டு முழுவதும் இங்கே ஏதாவது ஒரு பந்தலின் கீழ் மக்கள் கூடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பந்தல்களுக்குள் நாம் எந்தக் கணக்கில் நுழைகிறோம் என்பதைச் சற்றே கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் கோயில் வரியைத் தலைக்கட்டுக் கணக்கில் பிரிக்கிறார்கள். ஓர் ஆண் மணமுடித்த பிறகே தலைக்கட்டாக எண்ணப்படுகிறான். அன்பியத்திலும் எண்ணப்படுவது குடும்பமே. கல்யாண அழைப்பிதழில்கூட ‘குடும்பத்துடன்’ என்றே எழுதுகிறார்கள். எனக்கு 62 வயதாகிறது. அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்த வரியை எழுதும் ஊர் நோட்டில் நான் இன்றும் அண்ணன் வீட்டுக் கணக்கில்தான் இருக்கிறேன்.

நான் ஆண்களை விரும்பும் ஆண். வானொலியில் இதைச் சொல்லப் போகிறேன் என்று சென்ற வாரம் அண்ணனிடம் தெரிவித்தேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, “இத நீ சொல்லியாடே எனக்குத் தெரியணும்?” என்று கேட்டார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தன்பாலீர்ப்புடைய ஆண்களும் பெண்களும் இம்மாவட்டத்தில் ஒருவரையொருவர் சந்தித்துப் பழகுவதற்கான எளிய கூடுகைகளைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். சொற்களில் ஒரு தெளிவு வேண்டும். தன் பாலினத்தவர் மீதே காதல் கொள்வது தன்பாலீர்ப்பு; பிறப்பின்போது குறிக்கப்பட்ட பாலினமும் தாம் உணரும் பாலினமும் வேறாக இருப்பவர்கள் திருநர். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது நம் ஊர்ச் சாயாக்கடைகளில் மட்டுமல்ல, படித்தவர்களின் அரங்குகளிலும் வழக்கமாக இருக்கிறது. சென்னை உயர்நீதிமன்றத்தின் வழிகாட்டுதலையொட்டித் தமிழ்நாடு அரசு மதிப்புக்குரிய தமிழ்ச் சொற்களைத் தொகுத்து 2022-இல் அரசிதழில் வெளியிட்ட பிறகு, பழைய வசைச்சொற்களைப் பயன்படுத்துவதற்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தன்பாலுறவைத் தண்டிக்கப் பயன்பட்டது பிரிட்டிஷார் 1860-இல் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. அதை, வயது வந்த இருவர் விருப்பத்துடன் கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. உச்சநீதிமன்றம் 2013-இல் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பின்பு 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாக அந்த உறவு குற்றமல்ல என்று முடிவு கூறியது. தன்பாலீர்ப்புடைய இணையர் திருமண உரிமையைக் கேட்ட வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று அதே நீதிமன்றம் அவ்வுரிமையை வழங்க மறுத்துவிட்டது. ஆகவே இன்றைய நிலையில் நாங்கள் குற்றவாளிகளும் அல்லர், தலைக்கட்டுகளும் அல்லர்.

இந்த இடைப்பட்ட நிலையில்தான் கூடுகைகள் தேவைப்படுகின்றன. எங்களைப் போன்றோர் வெளிப்படையாகத் தெருவில் நடக்கும் வானவில் பேரணி சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் நடக்கிறது. மதுரையில் 2012-இல் நடந்தது. கேரளத்தில் 2010 முதல் வெவ்வேறு நகரங்களில் நடந்து வருகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் இரண்டு மணி நேரப் பயணம் என்பதால் எங்களில் பலர், என்னையும் சேர்த்து, பல ஆண்டுகள் அங்கேதான் மூச்சுவிடப் போய்வந்தோம். எல்லை ஊரான களியக்காவிளையைத் தாண்டியதும் முகத்தசைகள் தளர்வதை நான் உணர்ந்திருக்கிறேன். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் பேரணியில் நடப்பதாலோ, எல்லை தாண்டி ஒரு மாலையைக் கழிப்பதாலோ, காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை. அதற்கு உள்ளூரில், பேருந்து தூரத்தில், பெயர் சொல்லி அழைக்க நான்கு பேராவது வேண்டும்.

ஆண்களுக்கென்று முன்பு ஓரிடம் இருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. 1990-களில் எய்ட்ஸ் தடுப்புப் பணிகள் தமிழ்நாட்டில் விரிவடைந்தபோது, அத்திட்டங்களின் பகுதியாகச் சில நகரங்களில் ஆண்கள் வந்து அமர்ந்து பேசும் மையங்கள் திறக்கப்பட்டன. சென்னையில் 1998-இல் தொடங்கப்பட்ட சகோதரன் போன்ற அமைப்புகள் அக்காலத்தில் பலருக்கு உயிர் கொடுத்தன. அந்த நன்றி எனக்கு உண்டு. ஆயினும் ஒரு மனிதன் தன்னைப் போன்ற இன்னொருவனோடு உட்கார்ந்து பேசுவதற்கு நோயின் பெயரால் இடம் கிடைத்தது என்பதில் ஓர் உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. பெண்களுக்கோ அந்த வழியும் இல்லை. அவர்கள் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வரவில்லை. கேரளத்தில் ஒருவரையொருவர் நேசித்த பெண்கள் இணைந்து உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்த பிறகே சகயாத்ரிகா என்ற அமைப்பு 2000-களின் தொடக்கத்தில் அப்பெண்களுக்காக உருவாயிற்று.

எங்கள் சந்திப்பு ஏழு ஆண்டுகளுக்கு முன் ஐந்து ஆண்களோடு தொடங்கியது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சங்குத்துறைக் கடற்கரையில் கூடுவோம். கடலை கொறிப்போம், பேசுவோம், எட்டரை மணிக்குக் கலைவோம். பெண்களும் வரலாம் என்று பெருந்தன்மையோடு அறிவித்திருந்தோம். ஓராண்டு வரை ஒரு பெண்கூட வரவில்லை. அவர்களுக்கு இதில் ஆர்வமில்லை போலும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். பிறகு ஒரு நண்பரின் தங்கை, அவரும் தன்பாலீர்ப்புடையவர், எங்களைக் கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குத் தனியாப் போறேன்னு எந்த வீட்டுல சொல்ல முடியும்? எட்டரைக்குப் பிறகு எந்த பஸ்ஸுல ஊருக்குப் போக?” எங்களில் எவருக்கும் இந்தக் கேள்வி அதுவரை தோன்றவில்லை என்பது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன் பிறகு சந்திப்பை இரண்டாம் சனிக்கிழமை முற்பகலுக்கும், கடற்கரையிலிருந்து நாகர்கோவில் நகருக்குள் ஒரு வீட்டிற்கும் மாற்றினோம். சனிக்கிழமை காலையில் மீனாட்சிபுரத்திற்குத் துணி எடுக்கப் போகிறேன், நூலகத்தில் புத்தகம் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வர எந்தப் பெண்ணுக்கும் வழியுண்டு. 2021 முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால், கையில் காசு இல்லாதவரும் வீட்டில் கேட்காமல் ஏறி வர முடிகிறது. பெண்களின் விடுதலையைப் பற்றிப் பெரிதாகப் பேசுபவர்கள் அந்தக் கட்டணமில்லாச் சீட்டை எள்ளி நகையாடுவதைக் கேட்கும்போது, எங்கள் வாசற்படியில் கழற்றிவிடப்பட்ட செருப்புகளை அவர்களுக்குக் காட்டத் தோன்றும். இன்று வருகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

அங்கே என்ன செய்கிறீர்கள் என்று பலர் ஒருவிதத் தயக்கத்தோடு கேட்கிறார்கள். மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு அவிப்போம். சாளை மீன் கிடைத்தால் குழம்பு வைப்போம். மீன் சாப்பிடாதவர்களுக்குத் தேங்காய்த் துவையல் உண்டு. ஒருவர் கதை வாசிப்பார், மற்றவர்கள் அதைக் குறைசொல்வார்கள். ஒருமுறை மாத்தூர்த் தொட்டிப்பாலத்தின் மேல் இரண்டிரண்டு பேராக நடந்தோம்; கீழே பார்க்கப் பயந்த இருவர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நடந்ததை அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சித்திரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரியில் ஒருபுறம் சூரியன் மறைய மறுபுறம் நிலவு எழுவதைக் காணத் திரளும் கூட்டத்தில் நாங்களும் நிற்போம். பண்டிகை நாட்களே எங்களில் பலருக்கு மிகவும் கடினமானவை. வீட்டுக்குப் போனால் கல்யாணப் பேச்சு எழும், போகாவிட்டால் தனிமை. ஆகவே ஓணத்திற்குத் தோவாளையிலிருந்து பூ வாங்கி அத்தப்பூக்கோலம் இடுகிறோம், கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுகிறோம், பொங்கலுக்குப் பானை வைக்கிறோம். பக்தி குறைவானவனான எனக்கு இவ்வளவு பண்டிகைகள் தேவையா என்று சில சமயம் அலுப்பாக இருக்கும். ஆனால் வாக்கெடுப்பில் எப்போதும் தோற்றுவிடுகிறேன்.

சேர்ந்து உண்பது இந்த மண்ணில் சிறிய காரியமாக இருந்ததில்லை. சாமிதோப்பில், அய்யாவழியைத் தோற்றுவித்த வைகுண்டர் எல்லாச் சாதியினரையும் ஒரே முத்திரிக் கிணற்றில் நீராட வைத்து, ஒரே பந்தியில் உண்ண வைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில். யார் யாரோடு இலையில் அமரலாம் என்பதற்காகவே போராடிய மாவட்டம் இது.

எங்களுக்குச் சில விதிகள் உண்டு. பதினெட்டு வயது நிறையாதவர்களைச் சேர்ப்பதில்லை. மது இல்லை. புகைப்படம் இல்லை. வருகிறவர் எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதுவே அவர் பெயர். இவற்றையெல்லாம்விட முக்கியமானதும், கடைப்பிடிக்க மிகக் கடினமானதும் ஒன்றுண்டு: “எந்த ஊரு? யாருடைய பிள்ளை?” என்று கேட்கக் கூடாது. நம் மாவட்டத்தில் இவை அன்பான கேள்விகள். ஆனால் இவ்விரண்டுக்கும் விடை கிடைத்தால் ஒருவருடைய சாதி, சபை, சித்தப்பாவின் கடை வரை ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் இங்கே வந்த செய்தி சித்தப்பாவின் கடைக்கும் போய்விடலாம். நானே மூன்று முறை வாய்தவறிக் கேட்டு, அபராதமாக மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

சிரிப்புக்கு இடமில்லாத ஒரு பொருளையும் சொல்ல வேண்டும். கைப்பேசிச் செயலிகளின் வழியே பழகி, தனியிடத்திற்கு அழைத்து, படம் எடுத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் இருக்கின்றன. எங்களிடம் வந்த ஓர் இளைஞர் வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சித் தம் சங்கிலியை அடகு வைத்துவிட்டு வந்தார். அவருக்கு நாங்கள் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: பணம் பறித்தவன்தான் குற்றவாளி, நீங்கள் அல்லர். எங்களைப் போன்றவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று காவலர் நடத்தை விதிகளையே தமிழ்நாடு அரசு 2022-இல் திருத்தியிருக்கிறது. 15100 என்ற எண்ணில் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்; மனம் தாங்காத வேளையில் 14416 என்ற எண்ணில் பேசலாம்.

மூன்று மாதத்திற்கு ஒருமுறை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து விளக்கம் கேட்கிறோம். தன்பாலீர்ப்புடைய இணையராக வாழும் இருவர் வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கவும், ஒருவரை ஒருவர் நியமனதாரராகக் குறிக்கவும் தடையில்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. குடும்ப அட்டை வழங்குவதில் இவர்களை ஒரே வீட்டாராகக் கருத வேண்டும் என்று மாநிலங்களுக்கு மத்திய உணவுத் துறை எழுதியதும் அதே ஆண்டில்தான். இதைக் கேட்ட அன்று, பதினான்கு ஆண்டுகளாக ஒரே வீட்டில் வாழும் இரு பெண்களில் ஒருவர், “அப்போ அரிசி ஒண்ணாத்தான் வாங்கலாமா?” என்று கேட்டார். ஊர் நோட்டில் வர முடியாதவர்கள் அரிசிக் கணக்கில் வரக்கூடும் என்பதில் எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி. 2025 மே மாதத்தில் சென்னை உயர்நீதிமன்றம், பெற்றோர் வலுக்கட்டாயமாக வைத்திருந்த தன்பாலீர்ப்புடைய பெண்ணொருவரைத் தம் விருப்பப்படி செல்ல அனுமதித்த வழக்கில், குடும்பத்தை அமைக்கத் திருமணம் மட்டுமே வழியன்று என்று கூறியதையும் அந்த வழக்கறிஞரே எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

பெற்றோரும் வரத் தொடங்கியிருக்கிறார்கள். கல்குளம் பக்கத்திலிருந்து ஒரு தாய் முதல் நாள் வந்து, மகனை எந்த மருத்துவரிடம் காட்டலாம் என்று கேட்டார். உலக சுகாதார அமைப்பு 1990-இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது என்றும், மாற்றிவிடுகிறேன் என்று சொல்லும் சிகிச்சைகளுக்கு எதிராக சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021-இல் உத்தரவிட்டார் என்றும் விளக்கினோம். அத்தீர்ப்பை எழுதும் முன், இதுபற்றித் தாம் அறியாதவற்றை அறிந்துகொள்ள அந்த நீதிபதியே உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் என்று சொன்னபோதுதான் அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். ஐந்து மாதம் எங்கள் பக்கம் வரவில்லை. ஆறாவது மாதம் ஒரு தூக்குவாளி நிறையப் புளிக்கறியோடு வந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேராக அடுக்களைக்குப் போய்விட்டார்.

எங்கள் வீட்டின் முகவரியை இங்கே சொல்லாததற்கு நேயர்கள் மன்னிக்க வேண்டும். காரணத்தை நீங்களே அறிவீர்கள். குளச்சலிலோ குலசேகரத்திலோ அருமனையிலோ இருந்து இதைக் கேட்கும் ஒருவர் எங்களைத் தேடி வர வேண்டியதும் இல்லை. நம்பிக்கைக்குரிய இருவர் கிடைத்தால் நீங்களே தொடங்கலாம். பகலில் வையுங்கள், கடைசிப் பேருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பு முடியுங்கள், நேரத்தைப் பெண்கள் தீர்மானிக்கட்டும். வாடகை மண்டபத்தை நம்ப வேண்டாம். கூட்டத்தின் தன்மை தெரிந்ததும் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஓர் இடத்தின் அனுபவம் எங்களுக்கு உண்டு. ஐந்து பேருக்கு ஒரு திண்ணை போதும்.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை கிழங்கு வாங்கும் பொறுப்பு என்னுடையது. முற்றிய, வேகாத கிழங்காக வாங்கி வந்துவிட்டேன் என்ற சென்ற முறைப் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால், வடசேரிச் சந்தைக்கு இந்தத் தடவை விடியற்காலையிலேயே போக வேண்டும்.

நன்றி, வணக்கம்.