பாத்தியோரம் ஒரு கொட்டகை

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பந்தல் முதல் மோர்ப்பானை வரை பார்த்துப் பார்த்துச் செய்த செயலாளர் அவர்களே, மே மாதத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்திய பொருளாளர் அவர்களே, உப்பளத்திலிருந்து நேரே வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'நிழலின் அருமை வெயிலில் தெரியும்.' எந்த மேடை ஏறினாலும் இதில்தான் தொடங்குவேன். வெயில் நம் தோலை, கண்ணை, எலும்பை என்ன செய்கிறது என்று மூன்றாகப் பிரித்துப் பேசச் சொன்னார்கள். சரி, முதலில் தோல்.

பத்தொன்பது வயதில், தூத்துக்குடியில் சித்தி வேலை பார்த்த உப்பளத்துக்கு லீவில் ஒரு நாள் போனேன். சித்தி முழுக்கைச் சட்டையும் துண்டும் எடுத்து வைத்தாள். 'கறுத்த தோலை வெயில் என்ன செய்யும்?' என்று பனியனோடு இறங்கிவிட்டேன். தலையில் மட்டும் தொப்பி, பெரிய துரை மாதிரி. சாயங்காலம் வரை ஒன்றுமில்லை. 'பார்த்தியா சித்தி' என்று ஜம்பம் வேறு. ராத்திரி பாயில் சாய்ந்தால் முதுகு தோசைக்கல்! மறுநாள் கண்ணாடியில் பார்க்கிறேன், தாடைக்கு அடியில் கொப்புளம். தொப்பி போட்டவனுக்கு அங்கே எப்படி? சித்தி சொன்னாள்: 'ஏல, மேல இருந்தா வந்துச்சு? உப்புல இருந்துல்லா வந்துச்சு!' வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி அடித்திருக்கிறது.

சூடுதான் தோலைப் பொசுக்குகிறது என்று நினைக்கிறோம். இல்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் செல்லின் டி.என்.ஏ.வையே சேதப்படுத்துகிறது. உடம்பு அதைக் கண்டுகொண்டு அங்கே ரத்தத்தைப் பாய்ச்சச் சில மணி நேரம் ஆகும். சாயங்காலம் ஜம்பமும் ராத்திரி தோசைக்கல்லும் அதனால்தான். தேறாத செல்கள் செத்து, தோல் உரிகிறது. தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனின் நமக்குக் குடைதான். ஆனால் ஓட்டைக் குடை.

கண்ணில் புரையும் சதையும் வளர்வதை அக்காமார்களே என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். எலும்புக்கு வைட்டமின் டி... செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

2024-இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் நிவாரணம். நல்லது. நாம் கேட்பது உயிரோடு இருக்கும்போது நாலு கால் கொட்டகை. நிழலின் அருமை வெயிலில் தெரியும். மின்விசிறிக்குக் கீழே திட்டம் போடுபவருக்குத் தெரியுமா? பாத்திக்குப் பாத்தி கொட்டகை வேண்டும், 11 மணியிலிருந்து 3 மணி வரை வேலைக்கு இடைவேளை வேண்டும். கூரை மட்டும் போதாது, பக்கத்துக்கும் தட்டி கட்ட வேண்டும். உப்பு கீழே இருந்து அடிக்கும் என்று என் தாடைக்குத் தெரியும்.

மனு மோர்ப்பானைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனா ஒன்றுதான்; கையெழுத்துப் போட்டதும் அடுத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.