போன் எங்கே தூங்குகிறது?

(இலங்கையில், ஹட்டனுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சனசமூக நிலையத்தில், ஞாயிற்றுக்கிழமை மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், அண்ணன்மார் அக்காமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வாசலில் ஒட்டியிருக்கும் நோட்டீசில் ‘இளைஞரும் ஒழுக்கமும்’ என்று போட்டிருக்கிறார்கள். ஏற்பாடு செய்த தம்பிமாருக்கு உண்மைத் தலைப்பை எழுதக் கை வரவில்லை. எனக்கு அது புரிகிறது. ஆனால் பெயரைச் சொல்லாமல் இந்த விஷயத்தைப் பேச முடியாது. ஆபாசப் படத்துக்கு அடிமையாவதைப் பற்றியும் அதிலிருந்து வெளியே வருவதைப் பற்றியும் பேசத்தான் வந்திருக்கிறேன். 11 வருடம் அதற்குள் கிடந்தவன் நான்.

19 வயதில் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் வழக்கமாகப் போகிற வழிதான். கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், துணி வந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே 9 பேர் பாய் விரித்துப் படுப்போம். முதலில் அது மெமரி கார்டில் கைமாறி வந்தது. அப்புறம் போனிலேயே இன்டர்நெட் வந்தது. இரவு 12 மணிக்கு மேல்தான் நைட் டேட்டா வேலை செய்யும். பகல் முழுக்க நின்றே வேலை செய்த கால் கடுக்கும், கண் சொருகும், ஆனாலும் 12 மணிக்காகக் காத்துக் கிடப்பேன். போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து, வெளிச்சத்தை ஆகக் குறைத்து, மூச்சு விடுகிற சத்தம்கூடப் பக்கத்தில் படுத்தவனுக்குக் கேட்காமல் பார்ப்பேன். இரண்டு மணி, மூன்று மணி. விடிந்ததும் ‘இனிமேல் இல்லை’ என்று சாமி கும்பிட்டுவிட்டுக் கடைக்கு இறங்குவேன். அன்று இரவும் அதே பாய், அதே போர்வை.

ஒரு படம் பார்த்தவனெல்லாம் நோயாளியா? இல்லை. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீணாகப் பயந்து நொந்துபோன பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில், பாலியல் நடத்தையைக் கட்டுப்படுத்த முடியாமல் போகும் கோளாறு ஒன்று தனியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆறு மாதமோ அதற்கு மேலோ அது நீடிக்க வேண்டும். வாழ்க்கையின் நடு இடத்தை அது பிடித்துக்கொண்டு, வேலை, உடம்பு, குடும்பம் எல்லாம் ஓரமாகப் போயிருக்க வேண்டும். பலமுறை விடப் பார்த்தும் விட முடியாமல் போயிருக்க வேண்டும். அதில் இன்பமே இல்லாமல் போன பிறகும் கை அதையே தேடும். இன்னொன்றும் அதில் எழுதியிருக்கிறது: ‘நான் பாவம் செய்துவிட்டேன்’ என்ற மன உறுத்தல் மட்டும் இருந்தால் அது இந்த நோய் ஆகாது. 15 வயதுப் பையன் ஆர்வத்தில் பார்த்துவிட்டுக் குற்ற உணர்வில் சாப்பிடாமல் இருந்தால், அவனுக்குத் தேவை பக்குவமாகப் பேசும் ஒரு பெரியவர். ‘நீ நோயாளி’ என்று முத்திரை குத்துகிறவர் தேவையில்லை.

அந்தப் பட்டியல் இதைக் குடியோடும் சூதோடும் சேர்க்கவில்லை, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறது. அமெரிக்க மனநல வைத்தியர்கள் 2013-இல் வெளியிட்ட கையேட்டில் இப்படி ஒரு நோயே சேரவில்லை. ‘அடிமை’ என்ற சொல் சரியா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். வாதாடட்டும். அந்தப் பாயில் படுத்துக் கிடந்த எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை, அதனால் அதையே சொல்கிறேன்.

மூளைக்குள் என்ன நடக்கிறது? 1990களில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும், ஆசையைக் கிளப்பும் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் மூளை நரம்புகள் துடித்தன. சாறு வருவதற்கு முன்னால் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு பழகிய பிறகு, விளக்கு எரிந்த உடனேயே அவை துடித்தன. சாறு வந்தபோது ஒன்றுமில்லை. 2014-இல் கேம்பிரிட்ஜில் இந்தப் பழக்கத்தில் மாட்டிய 19 ஆண்களையும் மாட்டாத 19 பேரையும் ஒப்பிட்டார்கள். மாட்டியவர்களுக்குப் படத்தின் மேல் ஆசை அதிகம் இருந்தது. ஆனால் படம் அவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் பிடிக்கவில்லை. அதைப் படித்தபோது என் கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஆசை வேறு, ருசி வேறு. கடைசி வருடங்களில் எனக்கு ருசி துளியும் இல்லை, ஆசை மட்டும் ராட்சசனாக வளர்ந்திருந்தது.

எனக்கு விளக்கு எது தெரியுமா? கடையின் இரும்பு ஷட்டர் இறங்கும் சத்தம். அது கேட்டதும் நெஞ்சு படபடக்கும். இன்றைக்கும் எங்கேயாவது ஷட்டர் இறங்கினால் ஒரு நொடி நின்றுவிடுவேன்.

கலியாணம் நடந்தது. கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் ஊரில் சொல்வார்களே, சரியாகாது. மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள், நான் கொழும்பில். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவேன். வந்தும் போனோடு வெளியே இருட்டில் போய் நிற்பேன். ஒருநாள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள்: “நீங்க பக்கத்துலதான் இருக்கீங்க. ஆனா உங்கள இங்க காணோம்.” அவளிடம் ஏதோ குறை என்றுதான் அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருந்தாள். இங்கே இருக்கும் அக்காமாரே, அது உங்கள் குறை இல்லை. கட்டினவனுக்குக் காவல் இருப்பதும் உங்கள் வேலை இல்லை. உங்களுக்குப் பட்ட காயத்தைச் சொல்லி அழவும் கோபப்படவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது.

கொழும்பு திரும்பியதும் ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட ஒரு அண்ணனிடம் போனேன். குடியை விட்டு ஆறு வருடமானவர், குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு வாராவாரம் போகிறவர். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தக் கூட்டங்களின், படிப்படியாகப் பழக்கத்தை விடும் 12 படி முறையைத்தான் 1970களில் பாலியல் பழக்கங்களில் மாட்டியவர்களும் எடுத்துக்கொண்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. “அண்ணே, ஒரு பழக்கம் இருக்கு, விட முடியல” என்று சொல்லிவிட்டேன். என்ன பழக்கம் என்று சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. அவர் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: “போன எங்க வச்சுத் தூங்குற?”

அன்று இரவிலிருந்து என் போன் கீழே கல்லாப்பெட்டி மேசை டிராயரில் தூங்கியது. சாவி அவரிடம். அலாரத்துக்கு ஒரு சின்னக் கடிகாரம் வாங்கினேன். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்களே, அது எனக்கு அந்த டிராயரில் நடந்தது. ஆனால் டிராயர் மட்டும் என்னைக் காப்பாற்றவில்லை. என் ரகசியம் தெரிந்த ஒரு மனிதர் தினமும் காலையில் முகத்தைப் பார்த்து “எப்படி?” என்று கேட்டாரே, அதுதான் பெரிய மருந்து. இது ஒளிவு மறைவைத் தின்று வளர்வது.

முதல் வாரங்கள் கொடுமை. தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல், உலகமே சாம்பல் நிறம். கவாத்து வெட்டின தேயிலை மலையை நீங்கள் தினம் பார்க்கிறீர்கள். இலை ஒன்றுமில்லாமல் குச்சி குச்சியாக நிற்கும், தெரியாதவன் செத்த மலை என்பான். சில மாதம் கூடை தூக்க வேலையில்லை. அப்புறம் துளிர் வரும். எனக்கு அது வர நாலு மாதத்துக்கு மேல் ஆனது.

ஆசை வரும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை அலை என்றார்: எழும்பும், உச்சிக்குப் போகும், தானாகத் தணியும். பெரும்பாலும் அரைமணிக்குள் தணிந்துவிடும். நான் அந்த அரைமணியில் கீழே போய் மறுநாளுக்கான துணியை மடித்து அடுக்கினேன். 2010-இல் அமெரிக்காவில் 6 ஆண்களை வைத்துச் செய்த சிறிய ஆய்வில், ஆசையைப் பக்கத்தில் இருக்க விட்டுவிட்டுத் தனக்கு முக்கியமானதைச் செய்யும் பயிற்சியை 8 அமர்வுகளில் கொடுத்தார்கள். பார்ப்பது சராசரியாக 85 சதவீதம் குறைந்தது. ஆறே பேர்தான், அதைப் பெரிதாக்கிச் சொல்ல மாட்டேன். ஆனால் பயிற்சியால் மாறக்கூடியது இது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

41-ஆம் நாள் நான் சறுக்கினேன். கூட வேலை செய்தவன் போனை இரவல் வாங்கிவிட்டேன். ‘தலைக்கு மேல் போன வெள்ளம் சாண் போனால் என்ன, முழம் போனால் என்ன’ என்று மனம் சொன்னது. கவனியுங்கள், ஆளைக் கொல்வது அந்த எண்ணம்தான். அதைக் கேட்டு ஐந்து இரவு மூழ்கினேன். ஆறாம் நாள் அண்ணனிடம் சொன்னேன். “சரி, எத்தனை மணிக்கு? யார் போன்?” என்றார். அந்த வழியையும் அடைத்தோம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2020-இல் பள்ளிக்கூடம் மூடி, ஆன்லைன் வகுப்பு என்று வந்தபோது, கடன்பட்டுப் போன் வாங்கிக் கொடுத்தீர்கள். சிக்னல் தேடி மலை ஏறின பிள்ளைகள் நம் பிள்ளைகள். அந்தப் போனில் பாடமும் வந்தது, மற்றதும் வந்தது. ஒரே காம்பராவில் ஆறேழு பேர் படுக்கும் லயத்தில், பிள்ளைக்குத் தனியாகக் கிடைக்கும் ஒரே இடம் போர்வைக்குள்தான். அடிக்காதீர்கள். அடித்தால் போர்வை இன்னும் இறுகும். இரவில் வீட்டில் எல்லாருடைய போனும், அப்பாவுடையதும் சேர்த்து, சாமித் தட்டுக்குப் பக்கத்தில் போகட்டும். யாராவது பெரியவர் பிள்ளைக்கு இதைக் காட்டினாலோ, படம் எடுத்து மிரட்டினாலோ, அது வேறு விஷயம், அது குற்றம். சிறுவர் பாதுகாப்பு இலக்கம் 1929-க்கு உடனே சொல்லுங்கள்.

பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பழக்கம் வருகிறது. அவர்கள் சொல்லத் துணிவது இன்னும் கஷ்டம், அதனால் கேட்பவர் இன்னும் மெதுவாகக் கேட்க வேண்டும்.

தனியாக முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். மனச்சோர்வும் பதற்றமும் பலருக்கு இதோடு சேர்ந்தே இருக்கும், அதற்கு வைத்தியம் உண்டு. தேவைப்பட்டால் வைத்தியர் மருந்தும் தருவார். வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் யோசனை வந்தால் நாளைவரை காத்திருக்க வேண்டாம், இன்றிரவே 1926-க்கு அழையுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

இங்கே எழுந்து நின்று யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை. கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கம் தேத்தண்ணி ஊற்றும் இடத்தில் நிற்பேன். இன்றிரவு இங்கேதான் தங்குகிறேன், முதல் பஸ் காலையில்தான். பேச வருகிறவர் ‘தேத்தண்ணி குடிக்க வந்தேன்’ என்று சொன்னாலே போதும், நான் புரிந்துகொள்வேன்.