முப்பதாம் நம்பர் எண்ணெய்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்காக என்னை அழைத்த தயாரிப்பாளர் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஐயா, பழைய புல் வெட்டும் டிராக்டருக்கு என்ன எஞ்சின் ஆயில் ஊற்றலாம்?" "முப்பதாம் நம்பர்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஐயா, நீங்கள் 15 நிமிடம் பேச வேண்டுமே" என்றார்.

சரி, பதிலை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவசர வேலை உள்ளவர்கள் வானொலியை அணைத்துவிட்டுக் கிளம்பலாம். அந்த முப்பதாம் நம்பரையே வாங்கி ஊற்றியும் எஞ்சின் எப்படிச் செத்துப்போகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் மட்டும் உட்காருங்கள்.

நான் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அங்கே டிராக்டர் ஓட்டினார். நான் பட்டர்வொர்த்தில் 30 வருடத்துக்கு மேல் போமனாக, அதாவது மெக்கானிக்காக, வேலை பார்த்தேன். இப்போது ஓய்வு. ஓய்வு என்றால், எங்கள் ஊர்க் கோயில் நிலத்தில் புல் வெட்டுகிற டிராக்டருக்கு நான்தான் வைத்தியர். 1980களில் வந்த வண்டி அது. 12 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிர்கிற பெட்ரோல் எஞ்சின். கோயில் குழுவில் பாதிப் பேரைவிட அதற்கு வயது அதிகம். இருக்கையில் பஞ்சு போய் அரிசிச் சாக்கு வந்து பல வருடமாகிறது.

கடையில் போய் நின்றால் பாட்டில்களில் 10டபிள்யூ-30, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். அந்த டபிள்யூ எடையைக் குறிக்கிறது என்று எனக்குப் பாடம் எடுத்தவர்கள் உண்டு. இல்லை. குளிர்காலத்துக்கான ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து அது. உறைகிற குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று பார்த்துக் கொடுக்கிற எண். 10டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 25 டிகிரியில் சோதிப்பார்கள். 20டபிள்யூ என்றால் சுழியத்துக்குக் கீழே 15 டிகிரி. நம் பினாங்குக் கொடிமலை உச்சி 833 மீட்டர் உயரம். அங்கே விடியற்காலையில் போய் நின்றாலும் ஒரு சால்வை போதும். ஆகவே அந்த முதல் எண் பனியில் வண்டி கிளப்புகிறவர்கள் பாடு. நமக்கு வேண்டியது கோட்டுக்குப் பின்னால் இருக்கிற எண். அது எண்ணெய் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைச் சொல்வது.

அப்படிப் பார்த்தால் வெறும் 30 என்று போட்ட எண்ணெயும் 10டபிள்யூ-30 எண்ணெயும் சூட்டில் ஒரே கெட்டிதான். பிறகு ஏன் நான் வெறும் 30-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? சாம்பார் நீர்த்துப்போனால் வீட்டில் என்ன செய்வார்கள்? கொஞ்சம் அரிசி மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். 10டபிள்யூ-30 மாதிரி இரண்டு எண் போட்ட பல நம்பர் எண்ணெய் பெரும்பாலும் அந்த மாதிரிதான். அடியில் இருப்பது நீர்த்த எண்ணெய். சூட்டில் அது தண்ணீராகிவிடாமல் இருக்க, நீளமான மூலக்கூறு உள்ள ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். குளிரில் சுருண்டு கிடக்கும், சூட்டில் விரியும். நல்ல யோசனைதான். ஆனால் எஞ்சினுக்குள் அரைபட அரைபட அந்த மூலக்கூறு அறுந்துபோகும். அடியில் உள்ள நீர்த்த எண்ணெய் ஆவியாகிப் போகும். காரில் தண்ணீர் சுற்றிவந்து சூட்டைக் கட்டுக்குள் வைக்கிறது. காற்றில் குளிர்கிற எஞ்சினில் அந்த வசதி இல்லை, சூடு ஏறிக்கொண்டே போகும். சின்ன எஞ்சின்கள் செய்கிற பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் கம்பெனியின் கையேட்டைப் புரட்டினால், வெளிக்காற்று 27 டிகிரிக்கு மேல் இருக்கும்போது 10டபிள்யூ-30 ஊற்றினால் எண்ணெய்ச் செலவு கூடலாம் என்று எழுதியிருப்பார்கள். பினாங்கில் காலை ஒன்பது மணிக்கே 27 தாண்டிவிடும்.

முழு சிந்தெடிக், அதாவது செயற்கை எண்ணெய், நல்லதா என்று கேட்பார்கள். நல்லதுதான், அதில் மாவு கரைத்த கதை குறைவு. வசதி இருந்தால் ஊற்றுங்கள். ஆனால் விலை கொடுத்து வாங்கிவிட்டோமே என்று இரண்டு மடங்கு நாள் ஓட்டாதீர்கள். ஏனென்றால் இந்த மாதிரிப் பழைய ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில் பெரும்பாலும் ஆயில் ஃபில்டர் கிடையாது. கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது மண்டையில் ஏறுவதே இல்லை. ஃபில்டர் இல்லையென்றால் உள்ளே போன தூசி, தேய்ந்த உலோகத் துகள், கரி எல்லாம் எண்ணெயிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அவை வெளியே போக ஒரே வழி, நீங்கள் எண்ணெய் வடிக்கிற டிரெயின் நட்டைக் கழற்றுவதுதான். அதனால்தான் விலை உயர்ந்த எண்ணெயை ஒரு வருடம் ஓட்டுகிறவரைவிட, சாதாரண எண்ணெயை 25 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றுகிறவரின் எஞ்சின் நீண்ட நாள் வாழும். கையேட்டில் 50 மணி நேரம் என்றுகூட இருக்கலாம். புழுதியும் வெக்கையும் உள்ள இடத்தில் அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி நேரத்துக்குக் கணக்கு எப்படி என்றால், எங்கள் வண்டியில் மீட்டர் இல்லை. கொட்டகைச் சுவரில் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஓட்டுகிறவர் நேரத்தை எழுத வேண்டும். எழுதாதவருக்கு அடுத்த வாரம் சாவி கிடையாது.

பாட்டிலின் பின்பக்கம் இரண்டு எழுத்து இருக்கும். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் எஞ்சினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்எஃப் என்பது 1980ஐ ஒட்டி வந்த தரம், எஸ்பி என்பது 2020இல் வந்தது. பழைய எஞ்சினுக்கு எஸ்எஃப் அல்லது அதற்கு மேல் எதுவும் போதும். கசடு கழுவும் மருந்து கலக்காத எண்ணெய்தான் பழைய எஞ்சினுக்கு ஏற்றது என்று என் காலத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். அது எஸ்ஏ தரம், எப்போதோ காலாவதியாகிவிட்டது. வாங்காதீர்கள்.

கப்சாய் மோட்டார்சைக்கிளுக்கு வாங்கி மிச்சம் வைத்த எண்ணெயை ஊற்றலாமா? இந்தக் கேள்வி கோயிலில் மாதம் ஒரு தடவை வரும். அது எண்ணெயில் ஊறுகிற கிளட்சுக்காகத் தயாரித்தது. டிராக்டர் எஞ்சினுக்கு அது விஷமில்லை. அவசரத்துக்கு ஊற்றிக்கொள்ளலாம். ஊற்றக் கூடாதது 2டி எண்ணெய். தோளில் மாட்டிப் புல் வெட்டுகிற மெசின் ரும்புட்டுக்குப் பெட்ரோலில் கலப்பார்களே, அது. கொட்டகையில் இரண்டு பாட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒரு நாள் உதவிக்கு வந்த பையன், "அங்கிள், ஊத்திட்டேன்" என்றான். எண்ணெய் அளவு பார்க்கிற குச்சியை, அதாவது டிப்ஸ்டிக்கை, எடுத்துப் பார்த்தேன், எண்ணெய் பச்சையாகத் தெரிந்தது. பெட்ரோலோடு எரிந்து போகவேண்டிய சரக்கு அடித்தொட்டியில் உட்கார்ந்திருக்கிறது. நல்லவேளை, கிளப்புவதற்கு முன்னால் பார்த்தேன். இப்போது 2டி பாட்டில் பூட்டின அலமாரியில்.

டிப்ஸ்டிக் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில எஞ்சின்களில் அதைத் திருகி மூடிப் பார்க்க வேண்டும். வேறு சிலவற்றில் திருகாமல் வாயில் வைத்து எடுக்க வேண்டும். கையேட்டில் எது என்று பாருங்கள். ஒன்றரை லிட்டர்கூடப் பிடிக்காத எஞ்சினில் அந்த வித்தியாசமே கால் லிட்டர் ஆகலாம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: இந்த மாதிரி எஞ்சின்கள் பலவற்றில் எண்ணெயைத் தள்ளுகிற பம்பு கிடையாது. பிஸ்டனைச் சுழலும் கிராங்கோடு இணைக்கிற தண்டு, கனெக்டிங் ராட். அதன் அடியில் ஒரு சின்னக் கரண்டி இருக்கும். சுற்றுகிறபோது அது எண்ணெயை வாரி மேலே அடிக்கும். சரிவில் புல் வெட்டும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கினால் கரண்டிக்கு எட்டாது. அவ்வளவுதான் கதை.

எண்ணெய் குறைந்தால் கவலைப்படுவோம். கூடினால்? இதை என் சொந்தச் செலவில் கற்றேன்.

அந்த டிராக்டரை நான் பொறுப்பெடுத்த முதல் வருடம். மூன்று மாதம் ஓடியும் எண்ணெய் ஒரு சொட்டுக் குறையவில்லை. எனக்கு ஒரே பெருமை. "போமன் கை பட்டால் இப்படித்தான்" என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நாற்பது வயது எஞ்சின் எண்ணெய் குடிக்காமல் இருக்குமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தைப்பூசத்துக்கு முந்தின வாரம், பந்தல் போடுகிற இடத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது டமார் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் எஞ்சின் பக்கச் சுவரில் ஐம்பது காசு அகலத்துக்கு ஓட்டை. கனெக்டிங் ராட் ஒடிந்து வெளியே வந்திருந்தது.

வடிந்த எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். பாதி பெட்ரோல் வாடை. எங்கள் வண்டியில் பெட்ரோல் டேங்க், பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரைவிட உயரத்தில் இருக்கிறது. கார்புரேட்டருக்குள் மிதவையோடு ஒரு சின்ன ஊசி இருக்கும், பெட்ரோல் நிறைந்ததும் அடைத்துக்கொள்ள. அந்த ஊசி தேய்ந்திருந்தது. ராத்திரியெல்லாம் பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாக அடித்தொட்டியில் இறங்கியிருக்கிறது. எஞ்சின் எண்ணெயைக் குடிக்க, பெட்ரோல் அந்த இடத்தை நிரப்ப, டிப்ஸ்டிக் மட்டும் அளவு காட்டியபடியே இருந்தது. நீர்த்துப்போன எண்ணெயில் ராட் பிடித்துக்கொண்டது. இந்த எஞ்சின்களில் ராட் அலுமினியம், தனி பேரிங் இல்லாமல் நேரே கிராங்கின் மேல் ஓடுவது. மன்னிக்கவே மன்னிக்காது. புக்கிட் மெர்தாஜாமில் ஒரு பழைய சாமான் கடையில் அதே எஞ்சின் கிடைத்ததால் வண்டி பிழைத்தது. அந்த வாரம் புல்லைக் கையால் வெட்டிய இளைஞர்கள் இன்னும் அதை நினைவுபடுத்துகிறார்கள்.

ஆகவே டிப்ஸ்டிக்கைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள், முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஊசியை மாற்றி, எண்ணெயையும் மாற்றிவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடுங்கள். மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிட்டால் இன்னும் நல்லது. எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே ஈரம் சேர்ந்திருக்கிறது. ஐந்து நிமிடம் கிளப்பி, கொட்டகையை விட்டு நகர்த்தி, அணைத்துவிடுகிற வண்டிகளில் இது வரும். கிளப்பினால் அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

எண்ணெயைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். உண்மையில் நான் பார்த்த எஞ்சின்களில் எண்ணெயால் செத்ததைவிடப் புல்லால் செத்தவை அதிகம். சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கிறதே, அந்த இடுக்குகளில்தான் காற்று ஓடிச் சூட்டை எடுத்துக்கொண்டு போக வேண்டும். மேலே ஒரு தகர மூடி இருப்பதால் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. நாலு போல்ட்டைக் கழற்றினால் போதும். எங்கள் வண்டியில் அதை முதன்முதலில் திறந்தபோது, காய்ந்த புல் செங்கல் மாதிரி இறுகிக் கிடந்தது. அதற்குள் பல்லி முட்டை, ஒரு எலிக்கூடு, எலி எங்கிருந்தோ இழுத்து வந்த திரி. அந்தத் திரி விளக்குத் திரி. எலிக்கு எண்ணெய் வாடை பிடித்திருக்கும்போல. இப்படி அடைத்துக்கொண்டால் எந்த விலை எண்ணெய் ஊற்றினாலும் உள்ளே வறுபட்டுத்தான் போகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து, தூரிகையால் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் ஈரப் புல் ஒட்டிக்கொள்ளும், அப்போது இன்னும் அடிக்கடி. சூடாக இருக்கும்போது தண்ணீர் பீய்ச்சாதீர்கள், வார்ப்பு உலோகம் விரிசல் விடலாம். சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

ஏர் ஃபில்டரின் மேலே சுற்றியிருக்கிற ஸ்பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைக்கலாம். உள்ளே இருக்கிற காகித ஃபில்டரைக் கழுவவும் கூடாது, கம்ப்ரசர் காற்றால் ஊதவும் கூடாது. ஊதினால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். மாற்றிவிடுங்கள்.

டீசல் எஞ்சின் வைத்த ஜப்பான் குட்டி டிராக்டர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு 15டபிள்யூ-40, சி எழுத்து வரிசையில். வண்டிகளுக்கான நம் மலேசிய டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது கலந்திருக்கிறது, 2019இல் அதை 10 விழுக்காடாக உயர்த்தினார்கள். அது பழைய டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும். டீசல் ஃபில்டர் ஒன்று எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

எண்ணெய் மாற்றும்போது எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் கசடும் கலங்கி எண்ணெயோடு வரும். டிரெயின் நட்டு இருக்கிற பக்கம் கொஞ்சம் தாழ்வாக நிறுத்துங்கள். வடிந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி வெயிலில் பாருங்கள். கறுப்பு பரவாயில்லை, அழுக்கைச் சுமப்பது அதன் வேலை. வெள்ளிப் பொடி மாதிரி மினுக்கினால் அலுமினியம் தேய்கிறது. உடனே போமனைக் கூப்பிடுங்கள்.

அந்தப் பழைய எண்ணெயை வேலிக்காலுக்குத் தடவுவது, கரையானுக்கு ஊற்றுவது எல்லாம் தோட்டத்தில் நாங்களும் செய்ததுதான். இப்போது வேண்டாம். கழிவு எண்ணெய் நம் நாட்டில் ஆபத்தானது என்று சட்டம் அட்டவணையிட்ட கழிவு, கிணற்றுப் பக்கம் போய்ச் சேர்ந்தால் நம் பிள்ளைகளுக்குத்தான் கேடு. வாங்கிய பாட்டிலிலேயே ஊற்றி, மூடி, பக்கத்து மோட்டார்சைக்கிள் பெங்கேலில், அதாவது பட்டறையில், கொடுங்கள். அவர்களிடம் தோம்பு இருக்கும், வாங்கிக்கொள்வார்கள். போகிற வழியில் அடுத்த பாட்டிலையும் வாங்கி வந்துவிடலாம். முப்பதாம் நம்பர் என்று கேளுங்கள். கடைக்காரர் வேறு எதையாவது நீட்டினால், கோட்டுக்குப் பின்னால் என்ன எண் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வணக்கம்.